சுப்பிரமணிய சிவனார் வரலாறும் உயிரின் ஆற்றலும்

தன்னால் இது கூடும் என்று ஒருவன் கொள்ளுங் கருத்தும், கூடாது என்று கொள்ளுங் கருத்தும் அவனது வளர்ச்சியை எத்துணை ஆளுகின்றன என்பது சைவ நன்மக்கள் ஊன்றி நோக்கற்பாலதொரு பொருளாம். யான் வல்லேன் எனச் செருக்குதல் ஆணவத்தின் செயல் என்பதை யாவரும் அறிவர். யான் ஒன்றற்கும் ஆகேன் எனச் சோர்ந்து கிடத்தலும் அவ்வாணவத்தின் செயலே என்பதைச் சிலரே நினைக்கின்றனர். வியாபகமாய் விளங்குதற்குரிய உயிரின் இச்சை ஞானக் கிரியைகளை மறைத்து அதனை அணுத்தன்மைப் படுத்துவதே ஆணவமலம் என்பது நம் சாத்திரத் துணிபு. அங்ஙனமாயின், ஓருயிர் தன்னைத் தானே சிறிதென மதித்து ஒடுங்குதல் அம்மலத்தின் நேர்விளைவன்றி வேறு யாதாம்? இவ்வொடுக்கத்தைப் பணிவு எனப் பெயரிட்டுப் போற்றுவாரும் உளர். பணிவு இறைவன் பெருமையை உணர்ந்தவழித் தோன்றுவது. இவ்வொடுக்கமோ தன் உடலின் சிறுமையையே தனக்கு அளவாகக் கொண்டவழித் தோன்றுவது.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு, தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் உடல் நீத்த சுப்பிரமணிய சிவனார் வாழ்க்கையை ஈண்டு எடுத்துக் கொள்கின்றோம். அவர் தேசத்தொண்டர் என்பது நாடறிந்தது. அவர்தங் கொள்கை வேதாந்தச் சார்புடையதாகலின் நம் சித்தாந்தத்தின்பாற் படுவதன்று. ஆயினும், ஓருயிர் தன் ஆற்றலை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பதற்கு அவர் வரலாறு தக்கதோர் இலக்கியமாய் நிற்றலின், கொள்கை வேற்றுமை பற்றி அதனை ஒதுக்குதல் முறையாகாது.

சிவனார் 1884 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4 ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். இளமை வறுமையிற் கழிந்தது. மதுரையிற் சிறிது கற்று, பின்னர்த் திருவனந்தபுரஞ் சென்று அறச்சோறு உண்டு பயின்றார். துறவியார் ஒருவரை அடுத்து யோகநெறி பயின்றதும், சிவம் என்னும் பெயர் பெற்றதும் அந்நாட்களிலேயாம். அங்கே இளைஞரைக் கூட்டித் தரும பரிபாலன சமாசம் என்றொரு கழகங் கண்டு, நாட்டுரிமை பற்றிப் பேசலானார். திருவிதாங்கூர் அரசு அவரை 1907 ஆம் ஆண்டில் தன் எல்லையினின்றும் வெளியேற்றியது. கையிற் பொருளில்லை, நிலைத்த உறைவிடமும் இல்லை. நாவன்மை ஒன்றே எஞ்சி நின்றது. அதனையே முதலாகக் கொண்டு, கால்நடையாய் ஊர்தோறுஞ் சென்று சொற்பொழிவு செய்து, 1908 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியை அடைந்தார்.

அங்கே வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் நட்புக் கிடைத்தது. அவ்வாண்டு கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து கூலியுயர்வு பெற்றதற்கு இவ்விருவர் சொற்களும் பெருந்துணையாயின. மார்ச்சுத் திங்கள் 12 ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டனர். சூலை 7 ஆம் நாள் நீதிபதி பின்ஹே என்பார் சிவனார்க்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது.

இதுகாறும் சிவனார் தம்மைப் பேச்சாளராகவே அறிந்திருந்தார். சிறையோ முதற்கண் அப்பேச்சையே அடைத்தது. ஒருவன் தன் ஆற்றல் இஃதொன்றே என முன்னரே வரையறுத்துக் கொண்டிருப்பின், அது தடைப்பட்ட அன்றே அவன் வாழ்வும் தடைப்பட்டொழியும். சிவனார் அங்ஙனம் வரையறுத்தாரல்லர். சேலஞ் சிறையில் ஆட்டுமயிர் வெட்டிச் சுத்தஞ் செய்யுங் கடுந்தொழிலுக்கு இடையே அவர் எண்ணம் எழுத்தின்பாற் சென்றது. சச்சிதானந்த சிவம் என்னும் நூல் சிறைவாழ்வின் விளைவாம். 1912 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் விடுதலையுற்ற பின்னர், 1913 ஆம் ஆண்டில் ஞானபாநு என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பாரதியார் எழுத்துக்கள் பல அதன்கண் வெளிவந்தன. இராமாநுச விசயம், மத்துவ விசயம் முதலிய நூல்களையும் இயற்றினார். முன்னர்ப் பேச்சாளராய் இருந்தவர் இப்பொழுது நூலாசிரியரும் இதழாசிரியரும் ஆயினார்.

ஈண்டுத் தத்துவ நூலுணர்ச்சியுடையார் ஒன்றனை நினைவு கூர்தல் நலம். கலை என்னுந் தத்துவம் ஆணவமறைப்பைச் சிறிதே நீக்கி உயிரின் செயலாற்றலை எழுப்பும் என்பர். வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்பும் என்பர். சிறிதே என்பது கருதற்பாலது. ஆற்றல் முழுவதும் விளங்கிய பின்னர்ச் செயலிற் புகுவோம் எனக் காத்திருப்பவனுக்கு அஃது ஒருகாலும் விளங்காது. விளங்கிய சிற்றளவைக் கொண்டு ஒரு தொழிலிற் புகுந்தவனுக்கே மேலும் விளங்கும். சிவனார் வாழ்வில் ஒவ்வொரு படியும் இம்முறையிலேயே நிகழ்ந்தது.

சிறை அவர்க்குப் பிறிதொன்றையும் தந்தது. அங்கேயே தொழுநோய் அவரைப் பற்றியது. இன்று அந்நோய் மருந்தினால் முற்றுந் தீர்வது. எளிதிற் பரவுவதன்று என்பதும் தெளியப்பட்டுள்ளது. அந்நாளிலோ மருந்தும் இல்லை, இரக்கமும் அரிது. தொற்றுநோயாளர் எனக் காரணங் காட்டிப் புகைவண்டியில் ஏறலாகாதென அரசினர் தடுத்தனர். ஊர் ஊராய்ச் சென்று பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர்க்கு இதனினும் பெரிய தடை யாதிருத்தல் கூடும்? சிவனார் புண்பட்ட கால்களோடு நடந்தார். நடக்கலாகாதவழி மாட்டுவண்டியிற் சென்றார். 1921 ஆம் ஆண்டில் மீண்டுஞ் சிறைப்பட்டு, நோயின் கடுமையால் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார். அக்காலத்தே காவியுடுத்துச் சுதந்திரானந்தர் என்னும் பெயரும் பூண்டிருந்தார்.

அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி என்பது அறிஞர் அறிந்ததே. அதனை அடுத்த பாப்பாரப்பட்டி, சிவனார் காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; தருமபுரி தனி மாவட்டமானது 1965 ஆம் ஆண்டிலேதான். அவ்வூர்ச் சின்னமுத்து முதலியார் முதலிய அன்பர் துணையால் நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டு, ஆசிரமம் ஒன்று அமைத்தார். ஆண்டுப் பாரத மாதாவுக்குக் கோயில் எடுத்தல் வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. 1923 ஆம் ஆண்டில் சித்தரஞ்சன தாசர் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். விரல்கள் குறைந்து, உடல் நைந்து, கைப்பொருளும் இல்லாத ஒருவர் கோயிலெடுக்கப் புகுந்தமையை உலகம் பேதைமை என்றே சொல்லும். சிவனார் அப்பணிக்குப் பொருள் வேண்டி ஊர்கள் பலவற்றிற்கும் போந்தார். மதுரை சென்றிருந்து பாப்பாரப்பட்டிக்கு மீண்டவர், 1925 ஆம் ஆண்டு சூலை 23 ஆம் நாள் உடல் நீத்தார். அப்பொழுது அவர்க்கு நாற்பத்தோராண்டும் நிரம்பவில்லை. கோயில் எழவில்லை.

ஆற்றலுண்டென நம்பி அவர் பெற்ற பயன் யாது? நோயும் தீர்ந்திலது, கோயிலும் முடிந்திலதே எனின், கூறுதும். நோய் தம்மை விட்டு நீங்கும் என்ற நம்பிக்கையின்மேல் அவர் வாழ்க்கை நின்றதன்று. உடல் அழிவதை அவர் கண்கூடாய்க் கண்டார். இவ்வுடல் இத்துணைத்து, ஆகலின் யானும் இத்துணையேன் என்னும் முடிபொன்றையே அவர் ஏற்றிலர். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது நம் கொள்கை. உடலைச் சார்ந்து நின்று தன்னை அளப்பவன் உடல் தளருந்தோறுந் தளர்வான். தன்னினும் பெரியதொரு பணியைச் சார்ந்து நின்று அளப்பவன் அப்பணியின் அளவினனாய் வளர்வான். வினையின் பயன் இறைவன் கூட்டக் கூடுவது. செயலிற் புகுதற்குரிய துணிவே நம் வயத்தது. கோயில் முடிதல் முதலாயின பயனின்பாற் பட்டன. ஒவ்வோர் அடைப்பிற்குப் பின்னரும் அவ்வுயிர் முன்னையினும் விரிந்து நின்றது. அவ்விரிவினை எவர் மறுத்தற்கும் இயலாது. பாப்பாரப்பட்டியில் இன்று அவர்தம் நினைவிடமும் பாரத மாதா நினைவாலயமும் நிற்கின்றன. அவர் காலத்தில் முடியாத பணியைப் பின்வந்தோர் கைக்கொண்டமை இதனாற் பெறப்படும்.

இஃது எம்மனோர்க்குக் காட்டும் பாடம் ஒன்றுண்டு. சிவஞான போதத்துச் சிற்றுரையளவில் நின்றுவிட்டு, மாபாடியம் எம் அறிவுக்கு எட்டாது எனக் கைகூப்பி விலகும் மாணவரைப் பாடசாலைகளிற் பலகாலும் கண்டிருக்கின்றோம். அவர்களுட் பலர்க்கு அறிவு குறைவன்று. தம் அறிவைப் பற்றித் தாம் கொண்ட மதிப்பே குறைவு. ஆசிரியராவாரும் இவன் இவ்வளவினன் என ஓராண்டிற் கண்டதைக் கொண்டு மாணவனுக்கு என்றைக்கும் எல்லை வகுத்து விடுகின்றனர். மலமறைப்பு நீங்க நீங்க விளங்குவதாகிய அறிவுக்கு இன்றே எல்லை கட்டுதல் சித்தாந்தம் ஓதுவார்க்குப் பொருந்துமோ? நாளொன்றுக்கு ஒரு பத்தியாயினும் ஓதத் தொடங்குக. விளங்கிய சிறிதே விளங்காத பெரிதிற்கு வழிவிடும். தன் வலியை நம்பினார் ஒருவர் இத்துணை நடந்தாரெனின், ஆண்டான் வலியையே தம் வலியாகவுடைய அடியார் ஒடுங்கிக் கிடத்தற்குக் காரணம் யாதும் இன்று. திருவருள் முன்னிற்பதாக.