திருவாளர் டி. ஆர். சுந்தரம்

சென்ற ஆண்டு நம் கல்லூரி உள்ளரங்கிலே இறகுப்பந்துப் பந்தயம் நிகழ்ந்தகாலை, மாணவர் சிலர் அதனைப் படம் பிடித்து இவ்விதழுக்கென அனுப்பினர். ஆட்டக்காரர் கண்ணைக் கூசச் செய்யுமாதலின் பிளாஷ் விளக்கு கூடாதென்று தடுத்திருந்தனர். வந்த படங்களுட் பெரும்பாலானவற்றில் ஆடுவோருக்கு முகமுண்டு, கையில்லை. கை இருந்த இடத்தில் வெண்புகை போன்றதொரு கலங்கலே காணப்பட்டது. யாமும் இளமையில் அத்தகைய படங்கள் பல எடுத்துப் பிலிமைப் பாழாக்கினவரே ஆதலின், அவர்களை நகைக்கத் துணிந்திலோம். ஆயின், கூரையின் கீழ் விரைந்தியங்கும் உடலை, பிளாஷின் துணையின்றி, ஒரு கணமன்று, ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது முறை தெளிவுறப் பிடிக்கும் தொழிலை நம் சேலத்து மண்ணிலே நிலைநாட்டிய ஒருவர் இருந்தார் என்பதை இம்மாணவர் அறியார் போலும். அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

திருச்செங்கோட்டில் நெசவு வாணிகத்தாற் பொருள் ஈட்டிய குடியொன்றிலே 1907-ஆம் ஆண்டு சுந்தரம் பிறந்தார். குடும்பத் தொழிலை நவீன முறையிற் கற்று வரும்பொருட்டு இங்கிலாந்து சென்று, லீட்ஸ் நகரிலே நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். அங்கே கிளாடிஸ் என்னும் ஆங்கில நங்கையை மணந்தார். தாயகம் மீண்டவரை எதிர்நோக்கி நூலும் துணியும் காத்திருந்தன. அவர் மனமோ பேசும்படத்தின்பாற் சென்றது. சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் கூட்டத்தாரோடு பங்காளியாய்ச் சேர்ந்தார்.

அக்காலத்துத் தமிழ்ப் படங்களிற் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டனவல்ல. நடிகரும் பாடகரும் சமையற்காரரும் உடுப்புப் பெட்டிகளும் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ புகைவண்டியேற வேண்டும்; ஆங்கே நாட்கணக்கில் வாடகை கொடுத்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சுந்தரமும் இவ்வாறு கல்கத்தா சென்று மீண்டவரே. தறியைப் பக்கத்து ஊரில் வைத்துப் பாவை மட்டும் தன் வீட்டில் ஓட்டுவார் உண்டோ? நெசவாலைக் கணக்கறிந்த அவருக்கு இம்முறை பொறுக்கவில்லை. 1935-இல் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். படப்பிடிப்புக் கூடம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் கூடம் எல்லாம் ஒரே வேலிக்குள் அமையக் கண்டார். முதற்படம் சதி அகல்யா 1937-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய பாலன் இந்தச் சேலத்திலேயே உருப்பெற்றது. அதனைப் படம்பிடித்தவர் ஜெர்மானியர் ஒருவர்.

இங்கே சற்று நின்று, நம் புகைப்பட மாணவருக்குப் பயன்படுவதொன்றைக் கூறுவோம். பேசும்படக் காமிரா விநாடிக்கு 24 படம் எடுப்பது. அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று ஒளியைத் திறந்தும் மறைத்தும் விடுமாதலின், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 48-இல் ஒரு பங்கு விநாடியே. பிளாஷ் விளக்கு ஒருமுறை மின்னி ஓய்வது. இத்தொழிலுக்கு அது உதவாது. ஆகவே வேண்டும் ஒளி முழுவதையும் இடையறாது எரியும் பெருவிளக்குகளே தரவேண்டும். அன்றைய பிலிமோ ஒளியை மெல்ல உண்பது. 1938-இல் கோடாக் கம்பெனியார் பிளஸ்-எக்ஸ், சூப்பர் டபிள்-எக்ஸ் என்னும் விரைவுப் பிலிம்களை வெளியிட்ட பின்னரே உலகெங்கும் ஸ்டூடியோக்காரர் சிறிது மூச்சுவிட்டனர். ஒளி போதாதெனில் லென்ஸின் வாயை அகலத் திறக்கலாம். திறந்தால், முன்னும் பின்னும் ஓரடி பெயர்ந்தவன் மங்கிப்போவான். அதனாலன்றோ படப்பிடிப்புத் தரையிலே சுண்ணக்கட்டியாற் குறியிட்டு, நாடாவால் அளந்து, நடிகர் அக்குறியை விட்டு அகலாவண்ணம் பயிற்றுகின்றனர்!

சேலத்துக் கோடையில், ஒலி புகாதவாறு அடைத்த கூடத்துள், அவ்விளக்குகளின் கீழ் வாட்போர் புரிவது எத்தகைய வேலை என்பதைப் படிப்போர் தாமே எண்ணிக்கொள்க.

1940-இல் உத்தமபுத்திரன் வெளிவந்தது. புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா அதில் இரட்டை வேடம் பூண்டார். அவர் சிலம்பமும் வாள்வீச்சும் உண்மையாகவே கற்றவர். ஒருவரே இருவராய் எதிர்நிற்கும் காட்சிகளுக்கு அந்நாளில் வழங்கிய முறை எளிதன்று. லென்ஸின் ஒருபாதியை மறைத்து ஒருமுறை எடுத்து, பிலிமைப் பின்சுற்றி, மறுபாதியை மறைத்து அதே பிலிமில் மீண்டும் எடுப்பர். இடையே ஒளி அணுவளவு மாறினும் நடுவிலே கோடு விழுந்துவிடும். வெயிலை நம்பினால் இது கைகூடாது, கதிரவன் நமக்காக நில்லான். மாறாத விளக்கொளி உடைய உள்ளரங்கமே இதற்கு இடம்.

சண்டைக் காட்சிகளில் மற்றோர் உபாயமும் உலகெங்கும் உண்டு. காமிராவை விநாடிக்கு 20 படமாக மெல்லச் சுழற்றி, பின்னர் 24-ஆகத் திரையில் ஓட்டினால், வாள்கள் மின்னலென வீசும். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி சற்று மிகுதியாகவும் கிடைக்கும். ஆயின் பேச்சு இதனோடு இசையாது. போரிடுவோர் திரையில் வாய்திறவாமைக்கு வீரமொன்றே காரணமன்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கச்சாப் பிலிம் அரிதாயிற்று. அரசாங்கம் ஒரு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குக் கட்டுப்படுத்தியது. நிமிடத்துக்கு 90 அடி ஓடுமாதலின், ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. பல நிலையங்கள் தளர்ந்தன. சுந்தரமோ 1942-இல் சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் கொண்டு மனோன்மணியைப் பெரும்பொருட் செலவில் தாமே இயக்கி வெளியிட்டார். ஒத்திகை மிகுந்தால் பிலிம் மிச்சமாகும் என்பது ஆலைக்கணக்கு. கலைஞரையும் எழுத்தாளரையும் மாதச் சம்பளத்தில் அமர்த்தி, சங்கு ஊதியதும் வேலை தொடங்கும் ஆலைபோல் நிலையத்தை நடத்தினார். அவருடைய கண்டிப்பைக் குறைகூறினவர் உண்டு. கலை மணிக்கணக்குக்கு அடங்காதென்பது ஒருவாறு மெய்யே. எனினும் குறித்த நாளிற் சம்பளம் கிடைத்த குடும்பங்கள் அதனைக் குறையாகக் கொண்டிரா என்பது எம் கருத்து.

கதைத் தேர்விலும் அவர் புதுமை நாடியவர் என்று சொல்வதற்கில்லை. உத்தமபுத்திரனே மேனாட்டு இரும்பு முகமூடிக் கதையின் வழிவந்தது. ஆயின் கருவிகளில் அவர் ஒருபோதும் பின்தங்கினாரல்லர். 1950-இல் மந்திரிகுமாரி. அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் இயக்கிவந்து, முடிவதற்கு முன்னரே தம் நாடு சென்றுவிட, எஞ்சியதைச் சுந்தரமே முடித்தார். மு. கருணாநிதியின் எழுத்தும் எம். ஜி. இராமச்சந்திரனின் வாள்வீச்சும் அப்படத்தைத் தமிழ்நாடெங்கும் பரப்பின. 1956-இல் அலிபாபாவும் 40 திருடர்களும் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளிவந்தது. கேவாகலர் என்னும் வண்ணப் பிலிம் கறுப்பு வெள்ளையினும் பன்மடங்கு ஒளி கேட்பது. நாற்பது திருடரும் குகைக்குள் ஓடியாட, அத்தனை பேருக்கும் போதிய வெளிச்சம் வேண்டும். பழைய இடர் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து தலைமேற் சுமந்தார் என்றே சொல்லலாம். 1961-இல் கண்டம் பெச்ச கோட்டு மூலம் மலையாளத்துக்கும் முதல் வண்ணப்படம் அவரே அளித்தார்.

1963-இல் சுந்தரம் காலமானார், வயது ஐம்பத்தாறு. மைந்தர் ராமசுந்தரம் நிலையத்தைச் சிலகாலம் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அவ்வேலிக்குள் பிறந்தன. பாலனின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. அக்காலத்து நைட்ரேட் பிலிம் தீயை எளிதிற் பற்றுவது. பற்றாதது தானே பொடியாகி உதிர்வது.

மாணவர் மீண்டும் உள்ளரங்கிற்குக் காமிராவுடன் செல்லுமுன் ஒரு சொல். ஆட்டக்காரன் குறுக்கே ஓடும்போது எடாதீர். உம்மை நோக்கி வரும்போது எடுமின், கலங்கல் குறையும். எம்பிக் குதித்தவன் உச்சியில் ஒரு கணம் நிற்பவனைப் போலாவான், அக்கணத்துக்குக் காத்திருமின். நிற்கும் இடத்தை முன்னரே அளந்து லென்ஸைத் திருத்திக்கொள்மின். ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவைக் கடந்து செல்வோர், அதன் அப்பால் ஒருகாலத்தில் தரையெங்கும் சுண்ணக்கட்டிக் குறிகள் இருந்தன என்பதையும் நினைக்கலாம்.