11 வயது பசங்களோடு ஒரே வகுப்பு, 23 வயதில் பள்ளி இறுதித் தேர்வு: ஆண்டர்சன் பாஸான கதை!

உங்க செட்டுல எல்லாரும் காலேஜ் ஐடி கார்டோட ஸ்டேட்டஸ் போடுறாங்க. நீங்க மட்டும் மறுபடியும் அதே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. தேர்வு மையத்துக்குப் போனா, சுத்தி இருக்கிறவங்க எல்லாம் உங்களைவிட ரெண்டு மூணு வயசு சின்னவங்க. உங்களை அண்ணான்னோ அக்கான்னோ கூப்பிடுறாங்க. அந்த ஒரு வார்த்தை, கேள்வித்தாளைவிடப் பயமா இருக்கும்.

தேர்வில் தவறியவர்களுக்கு ஆறுதல் சொல்ல வர்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வாங்க. அவர் படிக்கவே இல்லை, ஆனா பெரிய ஆளாயிட்டார், படிப்பெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு. இந்தக் கதை அப்படிப்பட்டது இல்லை. இதில் வருபவர் தன்னைவிட ஆறு வயது சின்னப் பசங்களோடு உட்கார்ந்து படித்தார். நடுவில் நொறுங்கிப்போனார். கடைசியில் 23 வயதில் அந்தத் தேர்வை எழுதி, பாஸும் ஆனார்.

அவர் பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 'குட்டிக் கடற்கன்னி', 'அழகில்லாத வாத்துக்குஞ்சு', 'பேரரசரின் புதிய ஆடை' இதெல்லாம் எழுதிய அதே ஆண்டர்சன். டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படத்துக்குத் தூண்டுதலாக இருந்த 'பனி அரசி' கதையும் அவருடையதுதான்.

மேடைக்கு ஆசைப்பட்ட பையன்

1805 ஏப்ரல் 2. டென்மார்க்கில் ஓடென்ஸ் என்ற ஊர். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா ஊரார் துணிகளைத் துவைத்துக் கொடுப்பவர். பையனுக்கு 11 வயது ஆகும்போது அப்பா இறந்துவிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் கொஞ்சம் படித்ததோடு சரி. ஒழுங்கான படிப்பு என்று எதுவும் இல்லை.

1819 செப்டம்பரில், 14 வயதில், கையில் கொஞ்சம் காசோடு தனியாகத் தலைநகர் கோபன்ஹேகனுக்குக் கிளம்பிவிட்டார். பாட வேண்டும், நடிக்க வேண்டும், ராயல் தியேட்டர் மேடையில் நிற்க வேண்டும். இதுதான் கனவு. பாட்டுக் கற்றுக்கொடுக்க ஒருவர் முன்வந்தார். ஆனால், அந்த வயதுக்கே உரிய விதத்தில் குரல் உடைந்துபோனது. நடனம் கற்றுப் பார்த்தார். அதுவும் கைகூடவில்லை. சரி, நாடகம் எழுதுவோம் என்று எழுதிக் கொடுத்தார். தியேட்டர் நிர்வாகம் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆனால், அந்த நிராகரிப்போடு ஒரு கதவும் திறந்தது. நிர்வாகக் குழுவில் இருந்த யோனாஸ் கோலின் என்ற அதிகாரி, இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது, இல்லாதது அடிப்படைப் படிப்பு மட்டும்தான் என்று கண்டுபிடித்தார். மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக்கின் நிதியிலிருந்து உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார். அதற்குப் பையன் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதுவும் முதலிலிருந்து.

கடைசி பெஞ்சுக்கும் பொருந்தாத உயரம்

1822 அக்டோபர். கோபன்ஹேகனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்லாகெல்ஸ என்ற சின்ன ஊரின் லத்தீன் பள்ளி. 17 வயது ஆண்டர்சனைக் கீழ் வகுப்பு ஒன்றில் சேர்த்தார்கள். கூடப் படித்த பசங்களுக்கு 11, 12 வயது.

கொஞ்சம் கற்பனை செஞ்சு பாருங்க. ஆண்டர்சன் நல்ல உயரம். பின்னாளில் ஆறடியைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, நீளமான கை கால், பெரிய மூக்கு. ஆறாம் வகுப்பு பெஞ்சில் அப்படி ஒருத்தர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? லத்தீன், கிரேக்கம், கணக்கு, புவியியல் என எல்லாமே அவருக்குப் புதுசு. பக்கத்தில் இருந்த சின்னப் பையனுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாது.

இதைக்கூட அவர் சமாளித்திருப்பார். பெரிய பிரச்சினையாக வந்தவர் தலைமையாசிரியர் சைமன் மைஸ்லிங். மைஸ்லிங் சாதாரண ஆள் இல்லை. கிரேக்க, ரோமானிய இலக்கியங்களை டேனிஷில் மொழிபெயர்த்த அறிஞர். ஆனால், வகுப்பறையில் அவர் கையில் எடுத்த ஆயுதம் கேலி. பெரிய பையன் தப்பாகப் பதில் சொன்னால், எல்லார் முன்னாலும் வைத்துக் கிண்டல். தெரிந்த பதில்கூட அவர் முகத்தைப் பார்த்ததும் ஆண்டர்சனுக்கு மறந்துபோகும். தப்பாகச் சொல்வார். மறுபடியும் கேலி. இந்தச் சுழலில் ஒருமுறை மாட்டியவர்களுக்கு அது எப்படிப்பட்டது என்று தெரியும்.

கூடவே இன்னொரு பாரம். படிப்பது அடுத்தவர் காசில். ஒவ்வொரு மதிப்பெண்ணும் சரியும்போது, உதவித்தொகை நின்றுவிடுமோ, கோலின் ஏமாந்துபோவாரோ என்ற பயம். கோலினுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். கோலின் பதற்றப்படவே இல்லை. பொறுமையாகப் பதில் எழுதினார், தைரியம் சொன்னார். அந்தக் கடிதங்கள்தான் அன்றைக்குப் பிடிமானம்.

பூட்டிய வீடு

1826-ல் மைஸ்லிங்குக்கு ஹெல்சிங்கர் என்ற கடலோர ஊருக்கு மாற்றல். ஆண்டர்சனும் கூடவே போனார். ஏற்கெனவே அவர் தங்கியிருந்தது தலைமையாசிரியர் வீட்டில்தான். அதாவது, பகல் முழுக்கக் கேலி செய்பவர் முகத்தில்தான் ராத்திரியும் முழிக்க வேண்டும். பள்ளி முடிந்ததும் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்களாம். வெளியே கடல் இருக்கிறது, ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம் நடக்கும் கோட்டை இருக்கிறது. உள்ளே 21 வயது இளைஞர் அடைந்து கிடந்தார்.

படிப்பு முடியும்வரை கவிதை எழுதக் கூடாது என்பது கட்டளை. ஆனாலும், அந்த வீட்டில் இருந்துகொண்டே ஒரு கவிதை எழுதினார். தலைப்பு 'சாகும் குழந்தை'. மைஸ்லிங் அதைப் படித்துவிட்டுக் குப்பை என்று ஒதுக்கினார். அடுத்த ஆண்டே அது கோபன்ஹேகன் பத்திரிகையில் வெளியானது, பிறகு பல மொழிகளுக்கும் போனது.

காப்பாற்றியது யார் தெரியுமா? அதே பள்ளியில் எபிரேய மொழி கற்பித்த ஓர் ஆசிரியர். இந்த மாணவன் படும் பாட்டைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல், கோலினிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டார். கோலின் தயங்கவில்லை. 1827-ல் ஆண்டர்சனை அந்தப் பள்ளியிலிருந்து வெளியே கூட்டிவந்தார்.

கிளம்பும்போது ஆண்டர்சன் நன்றி சொல்லப் போனார். மைஸ்லிங் கொடுத்தது சாபம். நீ தேறவே மாட்டாய், உன் கவிதைகள் புத்தகக் கடைப் பரணில் மக்கிப்போகும், கடைசியில் பைத்தியக்கார விடுதியில்தான் கிடப்பாய் என்ற ரீதியில் பேசி அனுப்பினார். தன் சுயசரிதையில் ஆண்டர்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

வாத்தியார் ஒரு வயசு சின்னவர்!

பள்ளியைவிட்டு வந்தாச்சு. ஆனால், தேர்வு அப்படியே நிற்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் பள்ளி இறுதித் தேர்வை எழுதியே ஆக வேண்டும். இப்போது 22 வயது. இந்த இடத்தில் விட்டுவிட்டு ஓடியிருந்தால்கூட யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் ஓடவில்லை. கோபன்ஹேகனில் சின்ன மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். சாப்பாட்டுக்கு, தெரிந்த குடும்பங்களில் நாளுக்கு ஒரு வீடு. நம்ம ஊரில் அந்தக் காலத்து ஏழை மாணவர்கள் வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தார்களே, கிட்டத்தட்ட அதேதான். படிப்புக்கு லுட்விக் கிறிஸ்டியன் முல்லர் என்று ஒரு தனி ஆசிரியர். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முல்லர் ஆண்டர்சனைவிட ஒரு வயது சின்னவர்.

பள்ளியில் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்ததால் கூனிக் குறுகியவர், இப்போது தன்னைவிடச் சின்னவரிடமே பாடம் கேட்டார். ஆனால், அவமானம் இல்லை. காரணம், முல்லர் கேலி செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடிந்தது. மத விஷயங்களில் இருவரும் நேருக்கு நேர் வாதாடினார்கள். மைஸ்லிங் முன்னால் வாயே திறக்காத மாணவர், இங்கே ஆசிரியரை எதிர்த்துப் பேசினார். பாடமும் மண்டையில் ஏறியது.

முல்லர் வீடு கிறிஸ்டியன்ஸ்ஹவுன் பகுதியில். தினம் இரண்டு முறை நடந்து போய் வர வேண்டும். போகும்போது மனசு முழுக்கப் பாடம். திரும்பும்போது கதையும் கற்பனையும். ஆனால், அதையெல்லாம் அவர் உடனே எழுதவில்லை. தேர்வு முடியட்டும் என்று மனசுக்குள்ளேயே சேர்த்து வைத்தார்.

1828 அக்டோபர். 23 வயதில் தேர்வு எழுதினார். தேறினார்.

ஸ்லாகெல்ஸவில் போட்ட அடித்தளம் பயன்படவே இல்லை என்று சொல்ல முடியாது. லத்தீனும் கிரேக்கமும் அங்கேதான் ஆரம்பித்தன. ஆனால், மாணவர் அவரேதான், பாடமும் அதேதான். மைஸ்லிங்கிடம் நாலரை வருஷம் தடுமாறியவர், முல்லரிடம் ஒன்றரை வருஷத்தில் கரையேறினார். நடுவில் வயசு கூடத்தான் செய்தது. அப்படிப் பார்த்தால், வயசா தடையாக இருந்தது?

ஓயர்ஸ்டெட் கேட்ட கேள்வி

இயற்பியல் படித்தவர்களுக்கு ஓயர்ஸ்டெட் ஞாபகம் இருப்பார். மின்சாரம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பியதை 1820-ல் கண்டுபிடித்தவர். அவர் ஆண்டர்சனின் நாட்டுக்காரர், கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

1829-ல் பல்கலைக்கழகத்தின் அடுத்த தேர்வு. வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓயர்ஸ்டெட். எல்லாக் கேள்விக்கும் ஆண்டர்சன் நன்றாகவே பதில் சொன்னார். கடைசியாக, மின்காந்தம் பற்றிக் கேட்டார் பேராசிரியர். அப்படி ஒரு வார்த்தையே தெரியாது என்றார் ஆண்டர்சன். அதைக் கண்டுபிடித்த மனிதரிடமே! உங்கள் புத்தகத்தில் அது இல்லையே என்றும் சொன்னார். புத்தகத்தில் இல்லைதான், வகுப்பில் சொன்னேனே என்றார் ஓயர்ஸ்டெட். ஒரே ஒரு வகுப்புக்குத்தான் வரவில்லை, அன்றைக்குத்தான் சொல்லியிருப்பீர்கள் என்றார் ஆண்டர்சன். ஓயர்ஸ்டெட் கோபப்படவில்லை. இருவரும் வாழ்நாள் நண்பர்களாக இருந்தார்கள்.

மைஸ்லிங் முன்னால் தெரிந்ததையும் மறந்தவர், ஓயர்ஸ்டெட் முன்னால் தெரியாததைத் தைரியமாக ஒப்புக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள்கூட இல்லை.

பாஸ் ஆனால் எல்லாம் சரியாகிடுமா?

அதே 1829 ஜனவரியில், முல்லர் வீட்டுக்கு நடந்தபோது சேர்த்து வைத்த கற்பனையெல்லாம் முதல் வெற்றிப் புத்தகமாக வந்தது. கோபன்ஹேகனிலிருந்து அமாகர் தீவின் முனைவரை ஒரு நடைப்பயணம் பற்றிய குறும்பான புத்தகம். ஏப்ரலில், ஒரு காலத்தில் அவரைத் திருப்பி அனுப்பிய ராயல் தியேட்டரிலேயே அவருடைய நாடகம் ஏறியது. கூடப் படித்த மாணவர்கள் வந்து ஆரவாரம் செய்தார்கள். 1835-ல் முதல் தேவதைக் கதைத் தொகுப்பு. மேடைத்தமிழ் போல நம்மிடம் ஒன்று இருக்கிறதே, அதுபோன்ற நடையைத் தூக்கிப்போட்டுவிட்டு, குழந்தைகளிடம் பேசுகிற மாதிரியே எழுதினார். இலக்கணம் தெரியாதவர் என்று விமர்சகர்கள் குத்தினார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால், இதையும் சொல்லியாகணும். உலகமே கொண்டாடிய பிறகும், முதுமையிலும், மைஸ்லிங் அவர் கனவில் வந்துகொண்டே இருந்தார். மறுபடியும் அந்த பெஞ்ச், மறுபடியும் பதில் தெரியாத கேள்வி. நாட்குறிப்புகளில் இந்தக் கெட்ட கனவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பல ஆண்டுகள் கழித்து மைஸ்லிங் அவரைத் தெருவில் சந்தித்து, தான் தவறாக நடத்திவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்கிறது சுயசரிதை. கனவுகள் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

1843-ல் வந்த 'அழகில்லாத வாத்துக்குஞ்சு' கதையில், கூட்டத்தில் பொருந்தாத ஒரு பெரிய குஞ்சை எல்லோரும் கொத்துவார்கள். தன் வாழ்க்கையின் நிழல் அதில் இருப்பதை ஆண்டர்சனே மறைக்கவில்லை. 1875-ல் அவர் இறந்தார். அவர் பிறந்த ஏப்ரல் 2-ஐத்தான் 1967 முதல் உலகம் சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினமாகக் கொண்டாடுகிறது.

இந்த வருஷம் மறுபடி தேர்வு எழுதப் போறீங்களா? டைம்டேபிள் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. தெரியாததைத் தெரியலைன்னு கூச்சமில்லாம சொல்லக்கூடிய ஒருத்தரைத் தேடிப் பிடிங்க. டியூஷன் சாராக இருக்கலாம், பக்கத்துத் தெரு அக்காவாக இருக்கலாம், போன வருஷம் பாஸான, உங்களைவிடச் சின்ன பையனாகக்கூட இருக்கலாம். உங்க வீட்டில் யாராவது மறுபடி எழுதுறாங்கன்னா, ரிசல்ட் வரும்வரை கோலின் மாதிரி இருங்க. அது போதும்.