வெண்ணெய்க் கட்டி என்றொரு பேரரசி

சுபைதா என்ற பெயரைக் கல்லூரி வருகைப் பதிவேட்டில் கேட்டிராதவர் நம்மில் அரியர். அதன் பொருளைத் தேடப் புகுந்த நான் ஒரு பேரரசியின் வரலாற்றில் போய் நின்றேன்.

ஸுப்தா என்றால் அரபியில் வெண்ணெய். சொல்லின் உயிரொலிகளை மாற்றிச் சிறுமையும் செல்லமும் காட்டுவது அம்மொழியின் வழக்கு. ஹஸன் ஹுஸைன் ஆவதும் அவ்வாறே. ஆக, சுபைதா என்றால் சின்ன வெண்ணெய்க் கட்டி! பாக்தாத் நகரை 762-இல் நிறுவிய கலீபா அல்-மன்சூர், கொழுகொழுவென்றிருந்த தம் மகன் வழிப் பேத்தியைக் கொஞ்சி அழைத்த பெயர் இது. இட்ட பெயர் அமத்துல் அஸீஸ் என்பர்; சுகைனா என்பாரும் உளர். நம் வீடுகளிலும் நடப்பதுதானே இது? இட்ட பெயர் ஏட்டில் நிற்கும். பாட்டனார் வாய்ப்பெயரே ஊர் முழுதும் வழங்கும்.

சுபைதா தம் உறவினரான ஹாரூன் அர்-ரஷீதை மணந்தார். 786-இல் ஹாரூன் கலீபா ஆனார். அரண்மனை ஆடம்பரங்களைப் பற்றிய கதைகள் பல; அவற்றை விடுகிறேன். என்னைக் கவர்ந்தது தண்ணீர்தான். ஹஜ்ஜுக்குச் சென்றபோது மக்காவில் மக்கள் நீருக்குப் படும் பாட்டை அம்மையார் கண்டார். மலைப்பாறையைக் குடைந்து, ஹுனைன் பகுதியின் ஊற்றுநீரை நகருக்குக் கொண்டுவரச் செய்தார். செலவைச் சொல்லித் தயங்கிய வினைஞரிடம் அவர் கணக்குப் பார்க்கவில்லையாம். கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டர் நீண்ட பாலைவழி முன்பே இருந்ததுதான். அதில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் பெருகியது அவர் கொடையால். இன்றும் அது சுபைதா பாதை எனப்படுகிறது.

பிற்காலம் கொடியது. ஹாரூன் 809-இல் மறைந்தார். சுபைதாவின் மகன் அமீனுக்கும் மாற்றாள் மகன் மஃமூனுக்கும் போர் மூண்டது; 813-இல் அமீன் கொல்லப்பட்டார். பழிவாங்கப் புறப்படுமாறு தூண்டியோருக்கு அம்மையார் செவிசாய்க்கவில்லை. மகனைக் கொன்ற தரப்பின் தலைவனோடு சமாதானமாகி அதே நகரில் வாழ்ந்து, 831-இல் காலமானார். பாறையைக் குடைந்ததைவிட இது கடினமான செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெயர் மட்டும் பயணத்தை நிறுத்தவில்லை. ஆயிரத்தோர் இரவுக் கதைகளில் புகுந்தது. 1931-இல் வந்த இந்தியாவின் முதல் பேசும்படமாகிய ஆலம் ஆராவின் கதாநாயகிக்கும் அதுவே பெயர். பாக்தாதில் கூம்புக் கோபுரம் கொண்ட கல்லறை ஒன்றைச் சுபைதாவினது என்றே மக்கள் நெடுங்காலம் சொல்லிவந்தனர். உண்மையில் அது 350 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. ஸுமுர்ருத் காத்தூன் என்னும் வேறோர் அரசமாதேவிக்காக எழுப்பப்பட்டது.