நாற்றங்கால் கண்ட பிராஞ்ச் ரிக்கி

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் பழமொழி. வகுப்பறையிற் பழகிய எனக்கு இப்பழமொழியில் முழு நம்பிக்கை என்றும் ஏற்பட்டதில்லை. முளையிற் செழித்தவை சில கதிர் முற்றாமலே சாய்வதையும், மெலிந்து நின்றவை சில பின்னர் நிமிர்வதையும் ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர். இந்த ஐயத்தையே தம் தொழிலுக்கு முதலாகக் கொண்டு, கையிற் பணமில்லாத ஒரு விளையாட்டுக் கழகத்தைத் தம் நாட்டின் முதன்மைக் கழகங்களுள் ஒன்றாக்கிய அமெரிக்கர் ஒருவரைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். அவர் பெயர் பிராஞ்ச் ரிக்கி. அவர் தொழில் பேஸ்போல். அவ்வாட்டம் நம் நாட்டிற் பெருவழக்கில் இல்லை. எனினும் இளைஞரைத் தேர்ந்து பயிற்றும் கலை எந்நாட்டுக்கும் பொதுவானதன்றோ?

ரிக்கி 1881 ஆம் ஆண்டு டிசெம்பர் 20 ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தின் தென்பகுதியில், எளிய உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். பெற்றோர் மெதடிஸ்த சமயப் பற்று மிக்கவர். இளமையிலேயே கிராமப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயமர்ந்து, அவ்வூதியத்தைச் சேமித்துப் பல்கலைக்கழகம் புகுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதில்லை என்ற விரதம் பூண்டிருந்தார். அதன் பொருட்டு 1904 இல் சின்சினாட்டிக் கழகம் தம்மை நீக்கியபோதும் அவ்விரதத்தைக் கைவிட்டாரல்லர்.

ஆட்டக்காரர் என்ற முறையில் அவர் பெரும் புகழ் பெற்றவரல்லர். பந்தெறிபவர் எறியும் பந்தைத் துடுப்பாட்டக்காரருக்குப் பின்னே குந்தியிருந்து பிடிப்பதே அவர் பணி. எதிர்க்கட்சியார் ஒரு தளத்திலிருந்து மறு தளத்திற்குக் களவாக ஓடுவதைத் தடுக்க வேண்டியவரும் அவரே. 1907 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் வலியுற்ற கையோடு அவர் ஆடியபோது, வாஷிங்டன் கழகத்தார் ஒரே ஆட்டத்தில் 13 தடவை அவ்வாறு ஓடித் தப்பினர். பின்னர் காசநோய் அவரைப் பற்றியது. அதனின்று மீண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று 1911 இற் பட்டம் பெற்றார். ஆனால் வழக்குத் தொழில் கைகொடுக்கவில்லை. மீண்டும் பேஸ்போலுக்கே வந்தார். இம்முறை ஆடுவதற்கன்று, ஆட்டக்காரரை ஆக்குவதற்கு.

1917 இல் சென்ட் லூயிஸ் நகரின் கார்டினல்ஸ் கழகம் அவரைத் தலைவராக அழைத்தது. கடனில் மூழ்கியிருந்த கழகம் அது. காரியாலயத்திற்கு வரும் செல்வரின் கண்ணுக்கு வறுமை தோன்றாதிருக்கத் தம் வீட்டுக் கம்பளத்தை எடுத்துச் சென்று அங்கே விரித்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் சொல்வர். 1919 இல் இளவேனிற் பயிற்சிக்குத் தென்திசை செல்லப் பணமின்றிக் கழகத்தார் சொந்த நகரிலேயே பயிற்சி பெற்றனர்.

இதனினும் பெரிய இடையூறு ஒன்றிருந்தது. சிற்றூர்க் கழகங்களில் நல்ல இளைஞர் ஒருவரை ரிக்கி கண்டுபிடித்து விலை பேசுவார். அவர் கண்டால் அது நல்ல சரக்கென்றறிந்த சிற்றூர்க் கழக உரிமையாளர், நியூயோர்க் போன்ற நகரங்களின் செல்வக் கழகங்களுக்குச் செய்தி அனுப்பிக் கூடிய விலைக்கு விற்றுவிடுவார். அறிவு இவரது, ஆதாயம் பிறரது. விளைந்ததை வாங்க வலியில்லையெனில் நாமே விதைத்தல் வேண்டும் என்று ரிக்கி துணிந்தார். அக்காலத்திலே கழகத்தின் பழைய மைதானத்தை விற்ற பணம் கைக்கு வந்தது. அதைத் துணையாகக் கொண்டு ஹூஸ்டன், சிரக்கியூஸ் முதலிய நகர்களின் சிறு கழகங்களில் பங்குகளை வாங்கினார். அமெரிக்கர் இம்முறையைப் பண்ணை என்றழைத்தனர். நாற்றங்கால் என்பது இன்னும் பொருந்தும் என்பேன்.

அந்த நாற்றங்காலின் இயல்பு இது. ஊரூராகத் தேர்வு முகாம்கள் நடைபெறும். வரும் இளைஞர் முதலிற் பந்தை எறிந்து காட்டல் வேண்டும். பின் ஓடிக் காட்டல் வேண்டும். துடுப்பாட்டத்தின் குறைகளைப் பயிற்சியால் நீக்கலாம், கால் விரைவையும் கை வலியையும் ஊட்டுதல் அரிது என்பது ரிக்கியின் கொள்கை. தேறியவர் சிறு சம்பளத்திற்குக் கையொப்பமிட்டுக் கீழ்வகுப்புக் கழகமொன்றிற் சேர்வர். பின் பாடசாலையிற் போல வகுப்பு வகுப்பாக ஏறுவர். எவர் தேறுவார் என்பதை முன்கூட்டி அறிதல் அரிது. ஆதலாற் பலரைச் சேர்த்துச் சிலரைப் பெறுவதே வழி என்று அவர் கருதினார். 1940 ஆம் ஆண்டளவில் கார்டினல்ஸ் கழகத்தின் கீழ் ஏறத்தாழ முப்பது சிறு கழகங்களும் பல நூறு இளைஞரும் இருந்தனர்.

விளைச்சல் பெரிதாயிற்று. 1926, 1931, 1934, 1942 ஆகிய நான்காண்டுகளில் அவ்வேழைக் கழகம் நாட்டின் வாகையைச் சூடியது. 1926 இலும் 1942 இலும் தோற்றது செல்வம் மிக்க யாங்கீஸ் கழகம். 1938 இற் பந்தெறிபவராகச் சேர்ந்த ஸ்டான் மியூசியல் என்ற இளைஞரின் தோள் 1940 இல் ஊறுபட்டது. அவரைத் துடுப்பாட்டத்திற்குத் திருப்பினர். மறு ஆண்டு கீழ்வகுப்பொன்றில் ஆடத்தொடங்கியவர் அவ்வாண்டு முடியுமுன்னரே சென்ட் லூயிஸ் சேர்ந்தார். பின்னர் ஏழு தடவை தம் தொகுதியின் முதன்மைத் துடுப்பாட்டக்காரராக விளங்கினார். நாற்றங்காலில் இடமும் பொறுமையும் இல்லாதிருந்தால் அப்பயிர் களையென்று எறியப்பட்டிருக்கும்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். கையொப்பமிட்டவர், கழகம் விடுவித்தாலன்றி வேறு கழகம் செல்லலாகாது என்பது அக்கால விதி. மேலே இடமின்றி ஆண்டுக்கணக்கிற் கீழேயே தேங்கியோர் பலர். வயது முதிருமுன் நல்ல விலைக்கு ஆட்டக்காரரை விற்பதில் ரிக்கி வல்லவர். அவ்விற்பனை ஆதாயத்தில் அவருக்கும் பங்கு உண்டு. சம்பளம் பேசுகையில் அவர் கைமுடை பேர்போனது. 1938 இற் பேஸ்போல் ஆணையாளரான நீதிபதி லான்டிஸ், விதிக்கு மாறாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தோர் எனக் கண்ட எழுபதுக்கு மேற்பட்ட கார்டினல்ஸ் இளைஞரை விடுவித்தார். சிக்கனம் கழகத்திற்கு அறமாயிருந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெயரறியா இளைஞர்கள்.

1942 இறுதியில் ரிக்கி நியூயோர்க்கின் புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். உலகப்போரை முன்னிட்டு ஏனைக் கழகங்கள் இளைஞரைத் தேடுவதைச் சுருக்கின. அவரோ நாடெங்கும் பாடசாலைப் பயிற்றுநர்க்குக் கடிதம் எழுதித் தேடலைப் பெருக்கினார். தேடல் விரிந்தபோது, அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பூட்டியிருந்த ஒரு கதவையும் அவர் திறந்தார். கறுப்பினத்தவரைப் பெருங்கழகங்கள் சேர்ப்பதில்லை என்பது எழுதப்படாத சட்டம். 1945 இல் ஜக்கி ரொபின்சனை ஒப்பந்தம் செய்து, நாற்றங்கால் முறைப்படி முதலில் மொன்றியல் கழகத்தில் ஆடவிட்டார். 1947 ஏப்பிரல் 15 ஆம் நாள் ரொபின்சன் புரூக்ளினில் ஆடினார். ரிக்கி இளமையிற் பல்கலைக்கழக அணியைப் பயிற்றிய காலத்தில், தம் அணியின் கறுப்பின மாணவர் ஒருவருக்கு விடுதியில் அறை மறுக்கப்பட்டதையும், அவர் தம் தோலையே வெறுத்து அழுததையும் கண்டவர். அந்நினைவும் உண்மை; பிறர் தீண்டாத திறமை குறைந்த செலவிற் கிடைக்கும் என்ற கணக்கும் உண்மை. ரொபின்சன் முன்னர் ஆடிய கன்சாஸ் நகரக் கறுப்பினக் கழகத்திற்கு அவர் ஈடு எதுவும் கொடுக்கவில்லை. அறமும் கணக்கும் ஒருவருள்ளே இவ்வாறு கலந்திருத்தல் அரிதன்று. அதை மறைத்து வரலாறு எழுதுதலே தவறு.

1948 இற் புளோரிடாவின் வீரோ பீச்சில், கைவிடப்பட்ட கடற்படை விமானத் தளத்தை அவர் பயிற்சிக்கூடமாக்கினார். கயிறு கட்டி எல்லை வகுத்த சட்டகத்தினூடே இளைஞர் பந்தெறிந்து குறிபழகினர். 1947 இல் அலன் ரொத் என்ற புள்ளிவிபர அறிஞரைக் கழகத்தின் முழுநேரப் பணியில் அமர்த்தியிருந்தார். பந்தை அடித்த தொகை மட்டுமன்றி, எவ்வழியாயினும் தளத்தை அடைந்த தொகையையும் எண்ணுதல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. சிறுமுதற் கழகங்கள் இன்றும் அவ்வழியே நடக்கின்றன.

1950 இறுதியிற் பிற்ஸ்பேர்க் கழகம் சென்றார். அங்கே தோல்வி மேல் தோல்வி. 1952 இல் மாத்திரம் 112 ஆட்டங்கள் பறிபோயின. எனினும் 1954 இல் 4,000 டொலருக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட போட்டோ ரிக்கோ இளைஞர் ரொபேட்டோ கிளமென்டேயும் பிறரும் 1960 இல் அக்கழகத்துக்கு வாகை ஈட்டினர். விதைத்தவர் அப்போது அப்பொறுப்பில் இல்லை.

1965 ஜூனில், புதிய இளைஞரைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் வழக்கம் தொடங்கியது. பின்தங்கிய கழகத்துக்கே முதல் உரிமை. எண்ணிறந்தோரைக் கையொப்பமிடுவித்துக் குவிக்கும் பழைய வழி அதனால் அடைபட்டது. அதே ஆண்டு டிசெம்பர் 9 ஆம் நாள் ரிக்கி மறைந்தார். அவர் நட்ட நாற்றங்கால் மறையவில்லை. அதில் நிற்கும் இளைஞர் தம் ஊதியம் பற்றிச் சங்கமாய்க் கூடிப் பேசி முதல் ஒப்பந்தத்தைப் பெற்றது 2023 இலேதான். மேலே சென்ற மியூசியலையும் கிளமென்டேயையும் உலகம் அறியும். கீழே நின்றவர்களுக்கும் உரியதைக் கொடுக்க ஏறத்தாழ நூறாண்டு சென்றது. ரிக்கியின் பொறுமையை நாம் கற்கும்போது, அவர் கணக்கில் விடுபட்ட இத்தொகையையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.