எஃப்.ஏ. தேறாத மேதை

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

ராமானுஜன் என்றதும் நமக்கு 1729 என்ற டாக்சி நம்பர்தான் ஞாபகம் வரும். அவருக்குப் பட்டம் வாங்கித் தந்த எண்கள் வேறு. அவற்றைப் பற்றி எழுதவே நான் ஆசைப்பட்டேன்.

22.12.1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடை குமாஸ்தா. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்ததால் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார்.

எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவரோ நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வேலை தேடினார். டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர் அந்த நோட்டைப் பார்த்து அசந்துபோனார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார், 1914-இல் கப்பலேறினார்.

அங்கே 1915-இல் அவர் வெளியிட்டது, வகுத்திகள் மிகுந்த எண்கள் பற்றிய நீண்ட கட்டுரை. தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்ணே அது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. 60-ம் இந்த இனம்தான். நம்ம ஒர்க்‌ஷாப் டிவைடிங் ஹெட்டில் 60 பல் கியர் வெட்டுவது சுலபம். பகா எண்ணான 61 என்றால் திணறணும்!

அவர் பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. இதைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. வகுத்திகள் மொத்தம் 10,080! பகா எண் பெரிதாக ஆக, அது வரும் முறை கூடவே கூடாது என்ற ஒழுங்கையும் நிரூபித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. பட்டியலில் ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் அதுவே வரும், போட்டுப் பாருங்க.

இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது. 1918-இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். 1919-இல் நோயோடு திரும்பி, 26.4.1920-இல் சென்னையில் 32 வயதில் மறைந்தார்.

மார்க் லிஸ்டைப் பார்த்தவர்களுக்கு அவர் தேறாத பையன். நோட்டைப் பார்த்தவர்களுக்கு மேதை. நண்பர்களே, நம்ம வகுப்பிலும் அரியர் வைத்தவனை மக்கு என்று சொல்லும் முன், அவன் நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்ப்போமே!