லின்ட்லி மரே

லின்ட்லி மரே (1745 - 1826) அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கில இலக்கண நூலாசிரியர் ஆவார். 1795 இல் வெளியான இவரது ஆங்கில இலக்கண நூல் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விரு நாடுகளின் பள்ளிகளிலும் பெரிதும் பயன்பட்டது.

வாழ்க்கை

பென்சில்வேனியாவில் குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தார். நியூயோர்க்கில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் விளங்கிப் பொருளீட்டினார். தசைத் தளர்ச்சியால் உடல்நலம் குன்றவே, 1784 இல் மனைவி ஹன்னாவுடன் இங்கிலாந்து சென்று யோர்க் நகரை அடுத்த ஹோல்கேட்டில் குடியேறினார். நாளடைவில் நடக்க இயலாதவராகி, இறுதி ஆண்டுகளை வீட்டினுள்ளேயே கழித்தார்.

இலக்கணப் பணி

யோர்க்கிலிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் வேண்டியதற்கிணங்க இந்நூலை எழுதினார். ராபர்ட் லோத் முதலிய முன்னோர் நூல்களைத் தழுவித் தொகுக்கப்பட்ட நூல் இது. ஈச், எவ்ரி, ஐதர் ஆகிய சொற்கள் ஒருமை வினையையே ஏற்கும் என்னும் விதியும் லோத்திடமிருந்து பெறப்பட்டதே. அது வகுப்பறைகளில் பரவ மரேயின் நூல் பெரிதும் உதவியது.

எனினும், எவரும் இல்லை எனப் பொருள்படும் நன் என்ற சொல்லை மரே அவ்வாறு கட்டுப்படுத்தவில்லை. சொற்பிறப்பின்படி அது ஒருமையாயினும், நல்லோர் வழக்கில் பன்மை வினையுடனும் வருவதை ஏற்றுக்கொண்டார். பிற்கால ஆசிரியர் சிலர் இச்சொல்லை ஒருமைக்கு மட்டுமே உரியதாக்கினர். கண்டிப்பான இலக்கணத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் மரே, இவ்விடத்தில் அவர்களைவிட நெகிழ்வானவர்.

பிற நூல்கள்

1799 இல் வெளியான இவரது ஆங்கில வாசிப்பு நூல் அமெரிக்காவில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. தன்வரலாறு இவரது மறைவுக்குப் பின்னர் 1826 இல் வெளிவந்தது.