வென்ற நாட்டை வழங்கிய வீரர் கரிபால்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலி ஒரு தனி நாடாக விளங்கவில்லை. வடக்கே ஆஸ்திரியர், நடுவே போப்பாண்டவர், தெற்கே நேப்பிள்ஸ் அரசர் எனப் பலர் ஆட்சியில் அது சிதறிக் கிடந்தது. அதனை ஒன்றாக்க உழைத்தோருள் மாஜினி சிந்தனையாளர்; கவூர் அரசியல் வல்லுநர்; கரிபால்டி களம் கண்ட வீரர். பாரதியார் பாடியமையால் மாஜினியை நாம் நன்கறிவோம். கரிபால்டியின் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

அவர் 1807ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். கடலோடியாகத் தொழில் புரிந்த அவரை மாஜினியின் இளைய இத்தாலி இயக்கம் ஈர்த்தது. 1834இல் புரட்சி முயற்சி தோல்வியுற, அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தப்பித் தென் அமெரிக்கா சென்றவர், அங்கும் விடுதலைப் போர்களில் வாளேந்தினார். வீரமங்கை அனிதாவை மணந்தார். 1848இல் தாயகம் மீண்டு, மறு ஆண்டு உரோமைக் குடியரசைக் காக்கப் பிரெஞ்சுப் படையுடன் பொருதார். குடியரசு வீழ்ந்தது. பின்வாங்கும் வழியில், கருவுற்றிருந்த அனிதா உயிர் நீத்தார். பகைவர் தொடர்ந்து வந்தமையால், மனைவியை அடக்கம் செய்யவும் அவரால் அங்கே தங்க இயலவில்லை.

1860இல் மற்றோர் இடி விழுந்தது. பிரான்சு செய்த உதவிக்கு ஈடாகக் கவூர் நீஸ் நகரை அந்நாட்டுக்கு விட்டுக்கொடுத்தார். பிறந்த மண்ணிலேயே தாம் அயலாராகிவிட்டதை எண்ணிக் கரிபால்டி கொதித்தார். பாராளுமன்றத்தில் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். ஆயினும் இலட்சியத்தைக் கைவிட்டாரல்லர். அவ்வாண்டு மே 5ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களுடன் இரு நீராவிக் கப்பல்களில் புறப்பட்டார். செஞ்சட்டை வீரர் எனப் புகழ்பெற்ற அப்படை சிசிலியை வென்றது. செப்டம்பர் 7இல் அவர் நேப்பிள்ஸ் நகரினுள் நுழைந்தார்.

தென் இத்தாலியின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. உள்ளத்தால் அவர் குடியரசுவாதி. எனினும் உள்நாட்டுப் போர் மூண்டால் ஒற்றுமை சிதையும் என உணர்ந்து, வென்ற நிலத்தை மன்னர் விக்டர் இம்மானுவேலிடம் ஒப்படைத்தார். பட்டமும் பொருளும் வேண்டாமென மறுத்துக் கப்ரேரா தீவில் உழவராக வாழச் சென்றார்.

1861இல் இத்தாலிய அரசு உருவாயிற்று. உரோமையை அதனுடன் சேர்க்க 1862இல் படை திரட்டியபோது, அவ்வரசின் படையே அவரைச் சுட்டுக் காயப்படுத்தியது. 1870இல் உரோமை இணைந்தது. 1882ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் கப்ரேராவில் அவர் மறைந்தார். அவர் பிறந்த நீஸ் இன்றும் பிரான்சிலேயே உள்ளது.

நாடு ஒன்றாயிற்று, ஒன்றாக்கியவருக்கோ பிறந்த ஊர் இல்லாமற் போயிற்று. பொதுநலம் நாடுவோர் ஆட்சியைப் பிடிக்கும் ஆற்றலோடு, வேளை வரும்போது அதனைத் துறக்கும் உறுதியும் பெறல் வேண்டும் என்பதை அவர் வாழ்வில் காண்கிறோம்.